கேஷுவாலிட்டிக்குப் பக்கத்தில் மாலை ஓபி: தாலுகா மருத்துவமனைக்கான முழுமையான வழிகாட்டி

இரவு எட்டு மணி. தாலுகா அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் ஒருவர், ஸ்டாஃப் நர்ஸ் இருவர். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். சளி, காய்ச்சல், நாய்க்கடிக்கு மூன்றாவது ஊசி, கட்டு மாற்ற வந்தவர், சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனவர். அந்த வரிசைக்கு நடுவில் சட்டை நனைய வியர்த்தபடி, யாரையும் எதுவும் கேட்காமல் ஒரு பெரியவர். அவரை யார், எத்தனை நிமிடத்தில் பார்ப்பார்கள்?

வேலை முடிந்து வருகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தினக்கூலிக்குப் போகிறவர் காலை ஓபிக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அவர்களுக்கு மாலையில் ஒரு ஓபி வேண்டும். அது கேஷுவாலிட்டியை ஒட்டியே நடக்கவும் வேண்டும். ஒரு மருத்துவமனையில் இதைத் தொடங்கி நடத்தினேன். அப்புறம் வேறு இரண்டு இடங்களில் தொடங்கியவர்களோடு கூட இருந்தேன். மூன்று இடத்திலும் தடுமாறியது ஒரே இடத்தில்தான்: டாக்டரை முதலில் போட்டோம், நோயாளிகளைத் தரம் பிரிக்கும் மேசையைக் கடைசியில் போட்டோம். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. இரண்டு வாரம் எண்ணுங்கள், அதுவரை எதையும் திறக்காதீர்கள்

ஒரு நீளநோட்டும் பேனாவும் போதும். மாலை 4 மணியிலிருந்து காலை 8 மணி வரை கேஷுவாலிட்டிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஐந்து விவரம் எழுதுங்கள்: வந்த நேரம், வயது, என்ன சொல்லி வந்தார், கடைசியில் என்ன செய்தோம், எந்த ஊர். பெயர் வேண்டாம். ஓபி பதிவேட்டிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அதில் வந்த நேரம் இருக்காது. 'காய்ச்சல்' என்ற ஒரே சொல்லுக்குள் சாதாரணச் சளியும் ஐந்தாம் நாள் டெங்குவும் சேர்ந்து கிடக்கும்.

இரண்டு வாரம் ஏன் என்றால், ஒரு வாரத்தில் சந்தை நாள் ஒன்றுதான் வரும். அன்று மழை பெய்தால் கணக்கே கெட்டுவிடும்.

இந்த நோட்டுதான் ஓபி நேரத்தை முடிவு செய்யும். எங்கள் ஊரில் பள்ளி விட்டு ஒரு மணி நேரத்தில் கூட்டம் ஏறத் தொடங்கி, கிராமங்களுக்குக் கடைசி டவுன் பஸ் கிளம்பும்போது வடிந்துவிடும். அதற்கு மேல் வருகிறவர்கள் குறைவு, ஆனால் வருகிறவர்களில் உண்மையான அவசரம் அதிகம். அதனால் மாலை 5 முதல் 9 வரை வைத்தோம். நள்ளிரவு வரை திறந்து வைப்பதாக அறிவித்த ஓர் இடத்தில், பத்து மணிக்கு மேல் டாக்டர் சும்மா உட்கார்ந்திருந்தார், மறுநாள் காலை ஓபிக்கு ஆள் இல்லை. இரண்டு மாதத்தில் அந்த ஏற்பாடே நின்றுபோனது.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் மணிக்கு 12 பேர், 4 மணி நேரத்துக்கு 48 பேர். உங்கள் நோட்டில் அந்த நேரத்துக்குள் 70 பேர் வருகிறார்கள் என்றால் ஒரு டாக்டர் போதாது. இரண்டாவது டாக்டர் கிடைப்பது கடினம். ஆகவே டாக்டரே தேவைப்படாத வேலைகளைத் தனியே எடுங்கள்: கட்டு மாற்றுவது, ஏற்கெனவே எழுதிய ஊசியைத் தொடர்வது, பிபி பார்ப்பது, நாய்க்கடியின் அடுத்தடுத்த தவணைகள். இவற்றுக்கு ஊசி அறையில் ஒரு நர்ஸ் போதும்.

நாய்க்கடி ஊசிக்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்குங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தவணை வரும். ஒரு குப்பியை உடைத்துக் கலக்கினால் பல பேருக்குப் போடலாம், ஆனால் அதைக் குளிரில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஆளுக்கு ஒரு நேரத்தில் வந்தால் மருந்து வீணாகும். மாலை 5 முதல் 6 வரை என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தால் எல்லாரும் சேர்ந்து வருவார்கள். இன்று கடிபட்டு வருகிறவர் மட்டும் இதில் சேர மாட்டார். அவருக்குச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். ஆழமான கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் மருந்து) போட வேண்டும். அது கேஷுவாலிட்டி வேலை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் எழுத்தில் ஓர் ஆணை. வாய்மொழியாகத் தொடங்கினால் முதல் விடுப்பிலேயே நின்றுவிடும். டாக்டர்களைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து முறை வைத்து அழைப்பதாக இருந்தால் இரண்டு கையெழுத்து வேண்டும். தாலுகா மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ் வருகிறது, ஆரம்ப சுகாதார நிலையமோ பொது சுகாதார இயக்ககத்தின் கீழ். மருத்துவமனைகளுக்குப் பொறுப்பான இணை இயக்குநர் மட்டும் சரி என்றால், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பொறுப்பான மாவட்ட சுகாதார அலுவலரிடமிருந்து 'என் டாக்டரை யார் கேட்டு எடுத்தீர்கள்' என்று கடிதம் வரும். இருவரையும் ஒரே நாளில், ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். மாலையில் வேலை செய்தவருக்கு மாற்று விடுப்பா, படியா என்பதையும் அந்த ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேஷுவாலிட்டி டாக்டரையே 'நடுநடுவே ஓபியும் பாருங்கள்' என்று சொல்லாதீர்கள். ஒரு விபத்து வந்தால் ஓபி நின்றுவிடும். ஓபியில் கூட்டம் கத்தினால் அவர் கவனம் உயிருக்கு ஆபத்தானவர்கள் இருக்கும் சிவப்பு அறையில் இருக்காது. இரண்டும் கெடும்.

டாக்டர் தவிர மூன்று பேர் கட்டாயம்: பிரிக்கும் மேசைக்கு அனுபவமுள்ள ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பார்மசிஸ்ட், ஒரு லேப் டெக்னீஷியன். பார்மசி மூடியிருந்தால் டாக்டர் எழுதும் சீட்டு வெளிக்கடைக்குப் போகும். காசில்லாதவர் மாத்திரை வாங்காமலே வீட்டுக்குப் போவார். ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க முடியாத மாலை ஓபியில் டெங்கு மாதங்களில் எல்லாக் காய்ச்சலையும் கேஷுவாலிட்டிக்குத்தான் அனுப்ப வேண்டிவரும்.

பிரிக்கும் மேசைமேல் பிபி கருவி, குழந்தைகளுக்கான சிறிய கஃப், பல்ஸ் ஆக்ஸிமீட்டர், தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர், டார்ச், நொடி முள் உள்ள கடிகாரம் இருக்கட்டும். இசிஜி கருவி கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அதை வார்டில் பூட்டி வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்த்தேன். சாவியைத் தேடும் நேரத்தில்தான் இதயத் தசை சாகிறது.

3. ஒரே வாசல் வையுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்யும் முதல் தவறு, ஓபிக்கு வேறு வாசல் திறந்து 'சாதாரண நோய்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டுவது. தன் நோய் சாதாரணமா, அவசரமா என்று நோயாளி முடிவு செய்ய முடியாது. நாம் படித்துவிட்டுத்தானே முடிவு செய்கிறோம்.

ஓர் இடத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் 'வாயு பிடிச்சிருக்கு, ஒரு ஊசி போட்டால் சரியாகிடும்' என்று சொல்லி ஓபி வாசலில் சீட்டு வாங்கி உட்கார்ந்தார். முப்பத்தைந்து பேர் அவருக்கு முன்னால். அவர் முறை வந்தபோது உட்கார்ந்த இடத்திலேயே சரிந்திருந்தார். கேஷுவாலிட்டி இருபது அடி தூரத்தில், சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த நாங்கள் யாரும் அந்தச் சுவரை மறக்கவில்லை.

எனவே நடந்து வருகிற எல்லாரும் ஒரே வாசலில் நுழையட்டும், முதலில் பிரிக்கும் மேசையைத்தான் பார்க்கட்டும். 108 வண்டியிலோ ஸ்ட்ரெச்சரிலோ வருகிறவர்களுக்கு மட்டும் மேசையைத் தொடாத நேர்வழி வேண்டும். மேசைக்குப் பின்னால் இடப்பக்கம் கேஷுவாலிட்டி, வலப்பக்கம் ஓபி என்று பிரிந்தால் போதும். கட்டடம் ஒத்துவராவிட்டால் ஓபி அறையைத் தள்ளி வையுங்கள், மேசையைத் தள்ளாதீர்கள்.

4. பிரித்த பிறகுதான் சீட்டு

இதுதான் முழு ஏற்பாட்டின் உயிர். சீட்டுக் கவுன்ட்டர் முதலில் இருந்தால் மக்கள் அங்கேதான் வரிசை கட்டுவார்கள், மயங்கி விழுகிறவரும் அந்த வரிசையில்தான் விழுவார். பிரிக்கும் மேசையில் நர்ஸ் பார்த்து, வண்ணம் குறித்த துண்டைக் கொடுத்த பிறகு சீட்டுப் போடட்டும். சிவப்புக்குச் சீட்டை உறவினர் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் சிவப்பு, மஞ்சள், பச்சை பிரிப்பு பல அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம். சிவப்பு உடனே, மஞ்சள் கேஷுவாலிட்டியில் கண்காணிப்புடன், பச்சை மட்டும் மாலை ஓபிக்கு.

எங்கள் மேசைமேல் ஒட்டியிருந்த எல்லைகள் இவை. பெரியவர்களுக்கு ஆக்ஸிஜன் 94க்குக் கீழே, நாடித்துடிப்பு 120க்கு மேல் அல்லது 50க்குக் கீழே, மேல் பிபி 90க்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல், சர்க்கரை 70க்குக் கீழே. இதில் ஒன்று இருந்தாலும் பச்சை கிடையாது. குழந்தைகளுக்கு மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்: 2 மாதத்துக்குக் கீழே 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. அதைத் தொட்டாலே வேகமான மூச்சு. பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது நர்ஸ்கள் எல்லாரும் செய்யும் குறுக்குவழி. அழுகிற குழந்தையிடம் அது தப்பாகத்தான் முடியும்.

எண்கள் சரியாக இருந்தாலும் பச்சைக்குப் போகவே கூடாதவர்கள் உண்டு. இந்தப் பட்டியலைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்:

நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ தாடையிலோ வலி சொல்லும் 35 வயதுக்கு மேற்பட்டவர். இவருக்கு வந்து 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்தாக வேண்டும்.

2 மாதம் நிரம்பாத, காய்ச்சல் உள்ள குழந்தை. பால் குடிக்காத, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கிற, வலிப்பு வந்த, துவண்டு கிடக்கிற எந்தக் குழந்தையும்.

கர்ப்பிணி, பிரசவமாகி 6 வாரத்துக்குள் இருப்பவர். தலைவலியோடு பிபி 140/90 என்றால் நேரே உள்ளே.

'என்னமோ கடிச்சிருச்சு' என்று வருகிறவர். பாம்பைப் பார்க்கவில்லை என்பதால் பாம்பு கடிக்கவில்லை என்று ஆகாது. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை கேஷுவாலிட்டியில்தான் நடக்கும்.

எந்த விஷம் குடித்தவரும், எவ்வளவு தெம்பாக இருந்தாலும். எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாகவே இருப்பார், கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான். 'ஒன்றும் செய்யவில்லை, வீட்டுக்குப் போங்கள்' என்று பச்சையில் அனுப்பப்பட்டால் அவரை மறுபடி உயிரோடு பார்ப்பது கடினம்.

காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி என்று வருகிறவர். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியாகச் சொல்லும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம்.

அடிதடி, விபத்து, தற்கொலை முயற்சி, பாலியல் வன்முறை என்று சந்தேகம் உள்ள எல்லாமே. காயம் ஒரு கீறலாக இருந்தாலும் ஏஆர் (விபத்துப் பதிவேடு) பதிவு கேஷுவாலிட்டி டாக்டரின் பொறுப்பு. சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரக் கட்டணமில்லா சிகிச்சைத் திட்டமும் உண்டு. ஓபியில் களிம்பு தடவி அனுப்பிவிட்டால் பிறகு அந்தக் குடும்பம் பதிவுக்காக அலையும்.

இன்னொன்று, மக்கள் பேசும் சொற்களை நர்ஸ்களோடு உட்கார்ந்து தொகுத்துக்கொள்ளுங்கள். 'நெஞ்சு வலிக்கிறதா' என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். 'நெஞ்சு கரிக்குது', 'அடைக்கிற மாதிரி இருக்கு', 'வாயு குத்துது', 'படபடன்னு வருது' என்பதுதான் அவர்கள் சொல்வது. குழந்தைக்கு 'மாந்தம்' என்று பாட்டி சொன்னால் அது வயிற்றுப்போக்காகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். வார்த்தையை எழுதிக்கொண்டு நிற்காமல், 'கை கால் வெட்டி வெட்டி இழுத்ததா அம்மா?' என்று கேட்க வேண்டும். நான் நர்ஸ்களுக்கு எடுத்த வகுப்புகளில் அதிகம் பயன்பட்டது இந்தச் சொல் பட்டியல்தான்.

ஒருவருக்கு 2 நிமிடம், கூடினால் 3 நிமிடம். மேசையிலேயே சிகிச்சை தொடங்கக் கூடாது. தொடங்கினால் பின்னால் நிற்பவரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

5. ஓபி அறை எதைச் செய்யும், எதைச் செய்யாது

மாலை ஓபி அடுத்த நாள்வரை காத்திருக்க முடியாத சாதாரண நோய்க்கானது. காய்ச்சல், இருமல், காதுவலி, வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல், லேசான இளைப்பு. மூன்று நாள் மருந்து கொடுங்கள். சர்க்கரை, பிபி மாத்திரை தீர்ந்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள், இடையில் நின்றால் அவர் ஸ்ட்ரோக்கோடு திரும்புவார். அடுத்த கிளினிக் நாள்வரைக்கான மாத்திரை கொடுத்து, மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ஊரைக் குறித்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை: மருத்துவச் சான்றிதழ், ஒரு மாத மருந்து, ஸ்கேனுக்கு எழுதுவது, கேட்டவருக்கெல்லாம் ஊசியும் குளுக்கோஸும். இவை மாலையில் எளிதாகக் கிடைத்தால் காலை ஓபிக் கூட்டம் முழுவதும் மாலைக்கு நகர்ந்துவிடும். ஊசி கேட்டு வாக்குவாதம் நிச்சயம் வரும். டாக்டரைத் தனியே அதில் விடாதீர்கள். 'இந்த நோய்க்கு மாத்திரையே போதும்' என்று மேசை நர்ஸும் பார்மசிஸ்டும் அதே சொற்களில் சொல்லட்டும்.

6. பச்சையிலிருந்து திரும்பும் வழி

பச்சைத் துண்டு வாங்கியவர் காத்திருக்கும்போதே மோசமாகலாம். அரை மணிக்கு ஒருமுறை நர்ஸ் ஒருவர் பெஞ்சு வரிசையை நடந்து பார்க்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிப் பார்ப்பது போதாது. தலை தொங்கியவர், சுவரில் சாய்ந்து கண் மூடியவர், மடியில் அசையாத குழந்தை, இவர்களுக்கு மறுபடி அளவுகள் எடுங்கள். வரிசையில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்: 'பக்கத்தில் யாருக்காவது முடியலைன்னா சத்தம் போடுங்க.' எங்களை மூன்று முறை கூப்பிட்டது பக்கத்தில் இருந்தவர்கள்தான்.

ஓபி டாக்டர் 'இவரை உள்ளே எடுங்கள்' என்றால் கேஷுவாலிட்டி எடுத்தே ஆக வேண்டும். புதுச் சீட்டு கேட்கக் கூடாது, மறுபடி மேசைக்கு அனுப்பக் கூடாது, ஏன் என்று அங்கேயே விவாதிக்கக் கூடாது. விவாதம் வாரக் கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு விதியைத் தலைமை மருத்துவர் கையெழுத்தோடு இரண்டு அறையிலும் ஒட்டுங்கள்.

எதிர்த்திசை அப்படி எளிதாக இருக்கக் கூடாது. கேஷுவாலிட்டியிலிருந்து ஓபிக்கு அனுப்புவது என்றால் டாக்டர் பார்த்து, அளவுகளை எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான். இல்லாவிட்டால் கூட்டம் கூடும்போதெல்லாம் கேஷுவாலிட்டி தன் சுமையை ஓபி பக்கம் தள்ளிவிடும்.

7. போன், 104, 108

நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்கள் கூட்டாக நடத்தும் இரவு மையங்கள் மாலை 5 முதல் காலை 8 வரையும் வாரக் கடைசியிலும் இயங்குகின்றன. பல மையங்கள் மருத்துவமனை அவசரப் பிரிவை ஒட்டியே இருக்கின்றன. அங்கே நோயாளி முதலில் போன் செய்கிறார், போனிலேயே அவசர அளவைப் பிரித்துவிடுகிறார்கள். நம்மிடம் ஆட்கள் நேரே வந்து நிற்பார்கள். அதனால் இருக்கும் ஒரு நர்ஸைப் போனில் உட்காரவைக்காதீர்கள், மேசைக்குக் கொடுங்கள். ஆலோசனை மட்டும் வேண்டியவர்களுக்கு 104 இருக்கிறது, அந்த எண்ணைச் சீட்டின் பின்புறம் அச்சிடுங்கள்.

108 ஊழியர்களைத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே அழைத்து வாசலையும் நேர்வழியையும் காட்டுங்கள். தெரியாமல் ஸ்ட்ரெச்சரை மேசை வரிசைக்குள் தள்ளிக்கொண்டு வந்தது எங்களுக்கு முதல் நாளே நடந்தது.

8. முதல் மாதமும் தினமும் மூடும் நேரமும்

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்காருங்கள், பிரிக்கும் நர்ஸும் கட்டாயம் இருக்கட்டும். நான்கு எண் போதும்: வாசலுக்கு வந்து மேசைக்குப் போக எத்தனை நிமிடம், பச்சையிலிருந்து மஞ்சளுக்கோ சிவப்புக்கோ மாறியவர்கள் எத்தனை, 48 மணி நேரத்தில் திரும்பி வந்தவர்கள் எத்தனை, டாக்டரைப் பார்க்காமலே போனவர்கள் எத்தனை. பச்சையிலிருந்து மாறியவர் ஒருவர்கூட இல்லை என்று ஒரு மாதம் முழுக்க வந்தால் சந்தோஷப்படாதீர்கள். மறுபடி பார்க்கும் சுற்று நடக்கவில்லை என்றுதான் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம்.

பொங்கல், தீபாவளி வாரத்துக்கான டியூட்டி பட்டியலை ஒரு மாதம் முன்பே போடுங்கள். அந்த நாட்களில் தனியார் கிளினிக்குகள் மூடியிருக்கும், கூட்டம் இரட்டிக்கும்.

மூடும் நேரத்தில்தான் பலர் நழுவிப் போகிறார்கள். 9 மணிக்கு மூடுவது என்றால் 8.30க்குப் பச்சைத் துண்டு கொடுப்பதை நிறுத்துங்கள், ஆனால் மேசை தொடரட்டும். பிரிக்கும் மேசை இரவு முழுக்க இருக்க வேண்டியது. ஓபி டாக்டர் கிளம்பும்முன் ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதி கேஷுவாலிட்டி டாக்டரிடம் நேரில் கொடுக்க வேண்டும்: இன்னும் பார்க்காதவர்கள், லேப் முடிவு வராதவர்கள். லேப் முடிவுக்குக் காத்திருப்பவர் பெயருக்கு எதிரே போன் எண்ணை எழுதி, அவர் எதிரிலேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபாருங்கள். தட்டணுக்கள் குறைந்திருக்கிறது என்று இரவு பதினொரு மணிக்குத் தெரியும்போது, அந்த எண் அடிக்க வேண்டும்.